ஹாஜியார் வீட்டில் ஏழு வாட் ஃபேன்

1. மாடியில் இருந்தவர்கள்

அன்றைக்கு மாடி நடையில் ஐந்து பேர் இருந்தோம். வீட்டுக்காரர் ஹாஜியார், கீழே இருக்கும் துணிக்கடை அவருடையது. அவர் மனைவி ஹாஜியம்மா. கடலுக்கு அக்கரையில் உள்ள பட்டர்வொர்த்திலிருந்து காலை ஃபெர்ரியில் பினாங்குக்கு வந்திருந்தார். அவர்களுடைய மருமகள் பர்வீன். ஃபேன் கம்பெனியின் சேல்ஸ்மேன் தேவன். ஐந்தாவது ஆள் நான், சூசை, வயர்மேன். கீழே கடையில் ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் மேலே வரவில்லை, அதனால் கணக்கில் சேர்க்கவில்லை.

வேலையில் தகராறு என்று வந்தால் நான் முதலில் யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிக்கொள்வேன். படிவம் இரண்டோடு, பதினான்கு வயதில், பள்ளியை விட்டவன் நான். பேப்பரில் எழுதி வைத்துக்கொள்ளும் பழக்கம் தாமதமாகத்தான் வந்தது. அதுவரை சாட்சிக்கு ஆள்தான். எழுதக் கற்ற பிறகும் எண்ணுவது நிற்கவில்லை.

ஐந்து பேரும் தலையைத் தூக்கிக் குளியலறைக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நடுவில் வெள்ளை நிற ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. நான் பொருத்தியது. சத்தமே இல்லை. அதைச் சுற்றிக் கூரையில் கறுப்புப் புள்ளிகள், மற்ற இரண்டு குளியலறைகளிலும் அப்படியே. சரியாக மூன்று வாரம் முன்னால் அந்தக் கூரைகளை நானே தேய்த்துக் கழுவி, பூஞ்சைக்கான பெயின்ட் அடித்துக் கொடுத்திருந்தேன்.

“நல்லாப் பாருங்க,” என்றார் ஹாஜியம்மா. “நான் இல்லாததச் சொல்றேன்னு இவர் நினைக்கிறார்.”

“நான் எப்ப அப்படிச் சொன்னேன்?” என்றார் ஹாஜியார்.

“வாயால சொல்லல. மூஞ்சி சொல்லுது.”

ஹாஜியம்மாவுக்கு இளைப்பு உண்டு. பூஞ்சை வாடை பட்டால் நெஞ்சு அடைத்துக்கொள்ளும். அதனால் மூன்று மாதம் பட்டர்வொர்த்தில் மகள் வீட்டில் போய் இருந்தார். புது ஃபேன் போட்டாயிற்று, கூரை வெள்ளையாகிவிட்டது என்று ஹாஜியார் சொல்லிக் கூட்டி வந்தார். பன்னிரண்டு இரவுகள் இருந்தார். பன்னிரண்டாவது இரவில் மறுபடி இளைப்பு வந்து, கிளினிக்குக்குப் போய், அங்கிருந்து நேராக அக்கரைக்கே திரும்பிவிட்டார். இப்போது வந்திருப்பது தங்குவதற்கு இல்லை. பார்ப்பதற்கு.

“இன்னைக்கு இதுக்கு ஒரு வழி தெரியணும்,” என்றார். “இல்லேன்னா நான் மத்தியான ஃபெர்ரியில போயிருவேன். அப்புறம் யாரும் என்னைக் கூப்பிட வராதீங்க. மக வீட்டுல ஜன்னல் இருக்கு.”

ஹாஜியார் என்னைப் பார்த்தார். நான் தேவனைப் பார்த்தேன். தேவன் ஃபேனைப் பார்த்தான்.

2. பழைய ஃபேன்

இந்த வேலை எனக்கு எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

பினாங்கு லிட்டில் இந்தியாவில் உள்ள பழைய கடை வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முகப்பு குறுகல், உள்ளே நீளம். தெருப் பக்கம் ஜன்னல், பின்பக்கம் ஜன்னல். நடுவில் ஒன்றும் கிடையாது. ஹாஜியார் வீட்டில் மாடியில் மூன்று குளியலறைகள், மூன்றுமே நடுவில். கதவுக்கு மேல் ஒரு காலத்தில் காற்று ஓட்டை இருந்திருக்கிறது. டைல்ஸ் மாற்றியபோது அழகாக இருக்கட்டும் என்று அதையும் அடைத்துவிட்டார்கள். ஒவ்வொரு குளியலறையிலும் ஒரு பழைய எக்ஸாஸ்ட் ஃபேன். நாற்பது வாட். லைட்டுக்கும் ஃபேனுக்கும் ஒரே சுவிட்ச். தட்டினால் லைட் வரும், கூடவே லாரி ஸ்டார்ட் ஆன மாதிரி சத்தமும் வரும்.

என்னைக் கூப்பிட்டது அந்தச் சத்தத்துக்காகத்தான். நான் ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். ஃபேனில் பெரிய கோளாறு இல்லை, பேரிங் தேய்ந்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் கூரை முழுக்கக் கறுப்பு. தலைக்கு ஒரு கை தூரத்தில் அந்த வாடையை மோந்தபோது எனக்கே தொண்டை கரகரத்தது.

“ஹாஜி, இத எப்பவும் போட மாட்டீங்களா?” என்று கேட்டேன்.

“எப்படிப் போடுறது? இந்தச் சத்தத்துல பக்கத்து ரூம்ல மனுசன் தூங்குறதா? அதுவும் இல்லாம கரண்டு. ஆள் வெளிய வந்தா உடனே சுவிட்ச அமுக்கிரணும். எங்க வீட்டு ரூல்ஸ் அது.”

பின்னால் பர்வீன் நின்றிருந்தார். “ரூல்ஸ் இல்ல அண்ணே, மாமா பின்னாலயே வந்து நிப்பாங்க. நாங்க கால் வெளிய வைக்கிறதுக்குள்ள லைட் போயிரும்.”

அந்த வீட்டில் குளியல் மட்டும் இல்லை. ஐந்து வேளைத் தொழுகைக்கு முன்னால் எல்லாரும் ஒளு எடுக்கிறார்கள். கை, வாய், முகம், கால் எல்லாம் கழுவுகிறார்கள். வீட்டில் ஆறு உருப்படி. விடிவதற்கு முன் தொடங்கி இரவு வரைக்கும் தரை காயவே காயாது. ஒவ்வொரு தடவையும் ஃபேன் ஓடுவது மூன்று நிமிடம். ஈரம் வெளியே போக வேண்டுமானால் ஆள் போன பிறகும் அரை மணி நேரமாவது ஃபேன் ஓட வேண்டும். இங்கே ஆள் போவதற்கு முன்னாலேயே ஃபேன் நின்றுவிடுகிறது. பினாங்கில் வெளிக்காற்றே ஈரக் காற்று. தானாகக் காயட்டும் என்று விட்டால் காயாது.

மறுநாள் திரும்பிப் போய், டிசி மோட்டாரில் ஓடும் புது ரக ஃபேனைப் பற்றிச் சொன்னேன். ஏழு வாட். சத்தம் இல்லை. உள்ளேயே ஈரத்தை அளக்கும் சென்சர் இருக்கிறது. சும்மா இருக்கும்போது மெதுவாக ஓடும். ஈரம் ஏறினால் தானாக வேகம் எடுக்கும், இறங்கினால் தானாகக் குறையும். சுவிட்சே வேண்டாம்.

“ஏழு வாட்டா?” ஹாஜியார் சிரித்தார். “சூசை, அது கொசுவுக்குக் காத்து வரும், மனுசனுக்கு வராது லா.”

“உங்களுக்குக் காத்து வரத் தேவையில்ல ஹாஜி. ஈரம் வெளிய போனாப் போதும்.”

“நாள் பூரா ஓடுமா? அப்ப பில்லு?”

இதற்கு நான் ஏற்கெனவே கணக்குப் போட்டு வைத்திருந்தேன். வீட்டில் இரண்டு தடவை சரிபார்த்துவிட்டுத்தான் போனேன். நாற்பது வாட் ஃபேனை ஒரு நாள் முழுக்க நிறுத்தாமல் ஓடவிட்டால் ஏறக்குறைய ஒரு யூனிட் ஆகும். ஏழு வாட் ஃபேன் அதே ஒரு யூனிட்டில் ஆறு நாள் ஓடும். மெதுவாக ஓடும்போது இன்னும் குறைவு. இதைக் கடை பில்லின் பின்பக்கம் எழுதிக் காட்டினேன். அவர் வியாபாரி. எண்ணைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

“அப்ப நான் பின்னாலயே போய் சுவிட்ச அமுக்கத் தேவையில்லையா?”

“அமுக்க சுவிட்சே இருக்காது.”

“அப்ப மாமா என்ன செய்வாங்க?” என்றார் பர்வீன்.

ஃபேன் விலை பழைய ரகத்தைவிட மூன்று மடங்கு. அவர் விலை பேசாமல் ஒத்துக்கொண்டார். ஏன் என்று அப்புறம்தான் சொன்னார்.

“அவ போய் மூணு மாசம் ஆவுது, சூசை. மத்தியானம் கடைச் சோறு. ராத்திரியும் கடைச் சோறு. மருமக ஆக்கிக் குடுக்குது, குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா எதிர்ல உக்காந்து சண்டை போடுறதுக்கு ஆள் இல்ல.”

3. மூன்று கதவுகள்

மூன்று ஃபேனையும் இரண்டு நாளில் பொருத்தினேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல வீடுகளில் எக்ஸாஸ்ட் ஃபேனின் காற்று கூரைப் பலகைக்கு மேலேயே விடப்பட்டிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் வேலை சுத்தமாக இருக்கும். ஈரம் எங்கேயும் போகாது, பலகைக்கு மேலே தங்கி அங்கே பூஞ்சை பிடிக்கும். ஹாஜியார் வீட்டில் பழைய ஆள் செய்து வைத்திருந்தது அதுதான். நான் டக்ட் குழாய் இழுத்து, வீட்டு நடுவில் திறந்திருக்கும் காற்று முற்றத்துக்கு விட்டேன். காற்று திரும்பி வராமல் இருக்க முனையில் மூடி போட்டேன்.

முடித்ததும் டிஷ்யூ பேப்பர் வைத்துப் பார்த்தேன். ஒரு தாளை ஃபேன் கிரில்லில் வைத்துக் கையை எடுத்தால், இழுக்கிற ஃபேன் தாளைப் பிடித்துக்கொள்ளும். மூன்றும் பிடித்தன. ஹாஜியாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஏணியில் ஏறித் தானே ஒரு தடவை வைத்துப் பார்த்தார். சந்தோஷமாகிப் பட்டர்வொர்த்துக்கு அங்கேயே ஃபோன் போட்டார்.

ஃபோனில் ஹாஜியம்மா கேட்டது வேறு விஷயம்.

“ஃபேன் இருக்கட்டும். கதவுக்கு அடியில தண்ணி தெறிச்சு வெளிய வருதே, அதுக்கு என்ன செஞ்சீங்க? நான் தொழுகை விரிப்புப் போடுற எடம் அது. கழிவறைத் தரைத் தண்ணி பட்ட எடத்துல நான் எப்படித் தொழுவேன்?”

ஹாஜியார் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். “சூசை, அடியில ஒட்டுறதுக்கு ஏதாச்சும் இருக்கா?”

இருந்தது. ஏர்கான் அறைக் கதவுகளுக்கு அடியில் போடுகிற ரப்பர். குளிர்க் காற்று வெளியே போகாமல் தரையோடு ஒட்டி உட்காரும். முந்தைய வாரம் ஆயர் ஈத்தாமில் ஒரு ஆபீஸ் வேலை முடித்தபோது மிஞ்சியது, மோட்டார் சைக்கிள் பெட்டியில் கிடந்தது. மூன்று கதவுகளுக்கும் அளந்து வெட்டினேன். அலுமினியப் பட்டை வைத்து ஸ்குரூ முடுக்கினேன். ஒரு சொட்டுத் தண்ணீர் வெளியே வராது.

“எவ்வளவு?” என்றார் ஹாஜியார்.

“அது ஃப்ரீ ஹாஜி. மிச்சம் கெடந்ததுதானே.”

அவருக்குப் பிடித்திருந்தது. எனக்கும் பிடித்திருந்தது. கூலி வாங்கும் வேலையில் எனக்கு எப்போதும் பயம் இருக்கும், ஏதாவது விட்டுப்போனதா என்று மூன்று தடவை திரும்பிப் பார்ப்பேன். இலவசமாகச் செய்ததில் யார் வந்து குறை சொல்லப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கதவுகளை ஒரு தடவை மூடித் திறந்துவிட்டு வந்துவிட்டேன். டிஷ்யூவைத் திரும்ப வைத்துப் பார்க்கவில்லை.

4. டிஷ்யூ

இப்போது மறுபடி அந்த ஐந்து பேரிடம் வருகிறேன்.

தேவன் என்னை நடையின் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனான். தேவன் நல்ல பையன்தான், வாய் கொஞ்சம் வேகம்.

“அண்ணே, ஏன் டென்ஷன் ஆவுறீங்க? ஃபேன் ரோசாக்னு எழுதிடுவோம். வாரன்டி இருக்கு. நான் முப்பது வாட்டு ரகம் கொண்டாந்து மாத்தித் தரேன். நீங்க ஒரு காசு போட வேணாம்.”

“ஃபேன் கெட்டுப்போச்சுன்னு யார் சொன்னா?”

“கெடாம எப்படி மேல கறுப்பு வரும்?”

காலையிலிருந்து அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். முந்தின இரவும் அதைத்தான். வயரைத் தப்பாகக் கொடுத்துவிட்டேனா, சென்சரை மேலே வைத்துவிட்டேனா, டக்ட் எங்காவது மடங்கிவிட்டதா என்று ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தது. இத்தனை வருஷ வேலையில் ஒரே வீட்டில் மூன்று ஃபேனும் ஒரே மாதிரி கெட்டதை நான் பார்த்ததில்லை. ஒன்று கெட்டால் ஃபேனின் தப்பு. மூன்றும் கெட்டால் பொருத்தியவனின் தப்பு. இப்படித்தான் நான் யோசிப்பேன்.

ஏணியை வைத்து ஏறினேன். டிஷ்யூவை வைத்தேன். பிடித்துக்கொண்டது.

“பாத்தியா?” என்றார் ஹாஜியார் மனைவியிடம். “இழுக்குது.”

“இழுக்குதுதான். நீங்க கதவத் தொறந்து வெச்சுட்டுத்தான் குளிக்கிறீங்களா?”

கதவு சுவரோடு சாய்ந்து திறந்தே கிடந்தது.

“நான் கதவச் சாத்திட்டுத்தான் குளிக்கிறேன்,” என்றார் ஹாஜியம்மா. “சாத்திட்டுப் பாருங்க தம்பி.”

நான் உள்ளே நின்றபடி கதவைச் சாத்தினேன். நடை வெளிச்சம் ஒரு கோடு இல்லாமல் மறைந்தது. ஏணியில் இரண்டு படி ஏறி, டிஷ்யூவை வைத்துக் கையை எடுத்தேன். தாள் ஆடி ஆடி விழுந்து என் தோளில் பட்டு, ஈரத் தரையில் ஒட்டிக்கொண்டது. இன்னொரு தாள் எடுத்தேன். அதுவும் விழுந்தது.

குனிந்து கதவின் அடியைப் பார்த்தேன். கறுப்பு ரப்பர் தரையோடு சேர்ந்து அழகாக உட்கார்ந்திருந்தது.

ஃபேன் உள்ளே இருக்கும் காற்றை வெளியே தள்ள வேண்டுமானால் அதே அளவு காற்று எங்கிருந்தாவது உள்ளே வர வேண்டும். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. வேறு ஆட்களுக்கு நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். மேல் ஓட்டையை டைல்ஸ்காரன் அடைத்துவிட்டான். மிச்சம் இருந்த ஒரே வழி கதவுக்கு அடியில் இருந்த ஒரு விரல் இடைவெளி. அதை நான் அடைத்தேன், ஸ்குரூ போட்டு. ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, ஃபேன் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

வெளியே தேவனின் குரல் கேட்டது. “ஃபேன்லதான்மா பிரச்சினை. வாரன்டில பெரிய ஃபேன் தரோம். கவலைப்படாதீங்க.”

நான் உள்ளேயே நின்றேன். அந்த ரப்பர் விஷயம் அந்த நேரத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். தேவன் சொல்கிறபடி விட்டால் என் பேர் கெடாது. பெரிய ஃபேன் வரும். அதுவும் இதே அறையில்தான் சுற்றும், இதே மாதிரி ஒன்றையும் இழுக்காது. பன்னிரண்டு நாள் கழித்து ஹாஜியம்மா மறுபடி இளைப்போடு ஃபெர்ரி ஏறுவார். அந்தத் தடவை திரும்பி வர மாட்டார். ரப்பரை ராத்திரியோடு ராத்திரியாகக் கழற்றிவிடலாமா என்றுகூட யோசித்தேன். எந்தச் சாக்கில் அந்த வீட்டுக்குள் போவேன் என்பதில் யோசனை நின்றது. நேர்மையால் சொன்னேன் என்று இங்கே எழுத மாட்டேன். சொல்லாமல் வீட்டுக்குப் போனால் எனக்குத் தூக்கம் வராது, அது எனக்குத் தெரியும்.

கதவை யாரோ தட்டினார்கள்.

“தம்பி,” என்றார் ஹாஜியம்மா. “உள்ள தூங்கிட்டீங்களா? இல்ல குளிக்கிறீங்களா?”

கதவைத் திறந்தேன். “அம்மா, ஃபேன் நல்லா இருக்கு. தப்பு என்னுது. நான் ஒட்டுன ரப்பர்தான் காத்த அடைச்சுருச்சு.”

5. மஞ்சள் தண்ணி

ஹாஜியார் ரப்பரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ஃப்ரீன்னு சொன்னியே,” என்றார்.

ஹாஜியம்மா கைப்பையைத் திறந்து ஒரு ரசீதை எடுத்தார். கிளினிக் ரசீது. இளைப்பு வந்த இரவு மூச்சுக்கு மாஸ்க் போட்டு கேஸ் கொடுத்ததற்கும் மருந்துக்கும் சேர்த்து எண்பத்தைந்து வெள்ளி. ரிங்கிட்டை இங்கே வெள்ளி என்றுதான் சொல்வோம்.

“இது என் காசு,” என்றார். “யார் தரப்போறா?”

“அவன்கிட்டப் போய் என்ன கேக்குற?” என்றார் ஹாஜியார். “நான் தரேன்.”

“நீங்க எதுக்கு? ரப்பர் நீங்களா ஒட்டுனீங்க?”

“ஒட்டச் சொன்னது நீதானே?”

“தண்ணிய நிறுத்தச் சொன்னேன். காத்த நிறுத்தச் சொன்னேனா?”

“நான் தரேன்மா,” என்றேன். சட்டைப் பையில் கை வைத்தேன். முப்பதோ நாற்பதோதான் இருந்தது.

“பணம் ஓடிப்போகாது. மொதல்ல கதவப் பாருங்க.”

கதவில்தான் சிக்கல். ரப்பரைக் கழற்றினால் காற்று வரும், கூடவே தண்ணீரும் வெளியே வரும். அந்த இடத்தில் அவர் தொழ முடியாது. ரப்பர் இருந்தால் தொழலாம், மூச்சு விட முடியாது. ஹாஜியார் பெரிய ஃபேனே போடலாமே என்றார். நான் அதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருந்தது. எத்தனை வாட் போட்டாலும், காற்று நுழைய வழியில்லாமல் இறுக்கி மூடின பாட்டிலில் ஸ்ட்ரா விட்டு உறிஞ்சச் சொல்வது மாதிரிதான் என்று சொன்னேன்.

கதவு பிவிசி. முழங்காலுக்கு மேல் உயரத்தில் ஒரு லூவர் வெட்டி வைக்கலாம் என்றேன். லூவர் என்பது சாய்ந்த பட்டைகள் வைத்த காற்று ஜன்னல். காற்று நுழையும், உள்ளே நிற்கிற ஆள் வெளியே தெரிய மாட்டார். ரப்பர் அப்படியே இருக்கட்டும்.

“தண்ணி?” என்றார் ஹாஜியம்மா.

“அந்த உயரத்துக்குத் தெறிக்காதும்மா.”

“எங்க வீட்டு ஆம்பளைங்க ஒளு எடுத்து நீங்க பாத்ததில்ல. கூரை வரைக்கும் தெறிக்கும்.”

வாரன்டி பற்றிப் பேசிக்கொண்டிருந்த தேவன், இங்கே ஏதாவது செய்தால்தான் மரியாதையாகக் கிளம்ப முடியும் என்று நினைத்தானோ என்னவோ, ஹார்ட்வேர் கடைக்குப் போய் லூவர் வாங்கி வருவதாகச் சொல்லிப் போனான். முக்கால் மணி நேரத்தில் மூன்று வாங்கி வந்தான். நான் முதல் கதவில் ஜிக்சா ரம்பம் வைத்து வெட்டிப் பொருத்தினேன். கோடு நேராகத்தான் வந்தது.

ஹாஜியம்மா ஒரு வெள்ளைத் துண்டைக் கொண்டுவந்து கதவுக்கு வெளியே விரித்தார். “பர்வீன், உள்ள போய் தண்ணி ஊத்து. நல்லா வீசி ஊத்து.”

“மாமி, பச்சத் தண்ணி பட்டா துண்டுல எப்படித் தெரியும்?” என்றார் பர்வீன். “மஞ்சத்தூள் போடுவோம்.”

வாளியில் மஞ்சள் கரைத்தார்கள். பர்வீன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். குவளை குவளையாகக் கதவில் அடிக்கிற சத்தம் கேட்டது. பர்வீன் சிரிக்கிற சத்தமும் கேட்டது. அந்தக் கதவு மேல் அவருக்குக் கொஞ்ச நாளாகவே கோபம் இருந்திருக்க வேண்டும். வெளியே நாங்கள் நான்கு பேர் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

“ஒன்னு,” என்றார் ஹாஜியம்மா. கொஞ்சம் பொறுத்து, “ரெண்டு.”

இரண்டு மஞ்சள் புள்ளிகள். லூவரைக் கழற்றிப் பார்த்தேன். பட்டைகள் வெளிப்பக்கம் சரிந்திருந்தன. அவசரத்தில் திருப்பிப் பொருத்தியிருக்கிறேன். உள்பக்கம் சரிவாக மாற்றினேன். அப்படி வைத்தால் பட்டையில் படுகிற தண்ணீர் குளியலறைக்குள்ளேயே வடிந்துவிடும்.

ஹாஜியம்மா வேறு துண்டு விரித்தார். பழையதைத் திருப்பிப் போடவில்லை. பர்வீன் வாளி முழுவதையும் காலி செய்தார். ஹாஜியம்மா குனிந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, துண்டை மூலைக்கு மூலை பார்த்தார். தூக்கி வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தார். ஒரு புள்ளியும் இல்லை.

பிறகு நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தி டிஷ்யூ வைத்தேன். பிடித்துக்கொண்டது. என் வார்த்தையை மட்டும் நம்ப வேண்டாம் என்று ஹாஜியம்மாவையும் கூப்பிட்டேன். அவர் ஏணியில் ஏறவில்லை, கதவைச் சாத்திக்கொண்டு கீழேயிருந்தே பார்த்தார். தாள் அங்கேயே இருந்தது. லூவர் அருகே கையை நீட்டினார். நடையிலிருந்து காற்று உள்ளே வருவது கையில் பட்டிருக்க வேண்டும்.

“பாப்போம்,” என்றார்.

மத்தியான ஃபெர்ரிக்கு நேரமாகிவிட்டது என்று யாரும் அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை.

6. அதற்குப் பிறகு

மற்ற இரண்டு கதவுகளையும் மறுநாள் முடித்தேன். கூரையை மறுபடி கழுவி அடித்தேன். லூவருக்கும் கூலிக்கும் காசு வாங்கவில்லை. அது இலவசம் இல்லை, என் தப்புக்கு நான் கட்டியது.

அதன் பிறகு நாள் எண்ணினேன். பத்தாவது நாள் சென்சர் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று கேட்கிற சாக்கில் பர்வீனுக்கு ஃபோன் செய்தேன். பன்னிரண்டாவது நாளும் செய்தேன். பதிமூன்றாவது நாள் பர்வீன் ஃபோனை எடுத்ததுமே, “அண்ணே, மாமி நல்லாத் தூங்குறாங்க. நீங்களும் தூங்குங்க,” என்றார். ஒரு மாதம் போனது. மழைக்காலமும் போனது. கூரை வெள்ளையாகவே இருந்தது. ஹாஜியம்மா பட்டர்வொர்த்தில் வைத்திருந்த துணிமணிகளை மகள் பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டார்.

ஏழு வாட் ஃபேன் நல்லதா என்று இப்போதும் வீட்டுக்காரர்கள் கேட்கிறார்கள். நல்லது என்றுதான் சொல்கிறேன். பில் குறைவது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அதை யாரும் நிறுத்துவதில்லை. சத்தம் இல்லாததால் தூங்குகிறவர் நிறுத்துவதில்லை. கரண்டு தின்னாததால் சிக்கனக்காரர் நிறுத்துவதில்லை. தானாக ஓடுவதால் மறதிக்காரருக்கும் வேலை இல்லை. பழைய ஃபேனுக்கு இழுக்கும் பலம் இல்லாமல் இல்லை, அதை ஓடத்தான் யாரும் விடவில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஃபேனைப் பொருத்திவிட்டு, உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டு டிஷ்யூ வைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகு அந்த அறையில் ஒரு ஆணி அடித்தாலும், காசுக்கு அடித்தாலும் சும்மா அடித்தாலும், திரும்பவும் வைத்துப் பாருங்கள். வீட்டு ஆட்கள் அந்த அறையை எதற்கெல்லாம் பயன்படுத்துகிறார்கள், கதவுக்கு வெளியே என்ன செய்கிறார்கள் என்று முதல் நாளே கேளுங்கள். நான் கேட்டிருந்தால் லூவர் முதல் நாளே வந்திருக்கும்.

ஒரு மாதம் முடிந்ததும் கிளினிக் காசை எடுத்துக்கொண்டு போனேன். கவரில் போட்டு எண்ணி வைத்திருந்தேன். ஹாஜியம்மா வாங்கவில்லை.

“வச்சுக்கங்க,” என்றார்.

“இல்லம்மா, கடன் கடன்தான்.”

“கடன்தான். நான் இல்லைன்னா சொன்னேன்? வேலை முடிஞ்சு காசு தீந்துட்டா வயர்மேன் யாரும் ஃபோன் எடுக்க மாட்டீங்க. கடன் இருந்தா எடுப்பீங்க.”

ஹாஜியார் நடுவில் வந்து, “ஹலால் பண்ணி விட்ரு,” என்றார். கடனை மன்னித்துத் தள்ளிவிடுவதை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

“பண்ண மாட்டேன்,” என்றார் அவர்.

அதற்குப் பிறகு ஐந்து தடவை கூப்பிட்டிருக்கிறார். நான்கு தடவை ஒரே கேள்வி: “சத்தமே வரலையே தம்பி, ஓடுதா?” ஒரு தடவை லூவரில் தூசி. ஐந்து தடவையும் முதல் மணியிலேயே எடுத்தேன், போனேன், கதவைச் சாத்தி டிஷ்யூ வைத்துக் காட்டினேன். ஐந்து தடவையும் கவரை நீட்டினேன்.

இன்றைய தேதிக்கு நான் கொடுக்க வேண்டிய பாக்கி எண்பத்தைந்து வெள்ளி.